மேனுஃபாக்சர்: கையைத் தொலைத்த ஒரு சொல்

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஒரு சோப்பு வாங்கி வந்தாள். நாம் வழக்கமாக வாங்குகிற மாதிரி சோப்பு இல்லை. பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, 240 ரூபாய் விலை போட்ட சோப்பு. முன்பக்கம் பெரிய எழுத்தில் 'ஹேண்ட்மேட்' என்று போட்டிருந்தது. பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய அளவில், 'மேனுஃபாக்சர்ட் பை' என்று ஒரு கம்பெனியின் பெயரும் முகவரியும்.

"தாத்தா, இதைக் கையால செஞ்சாங்களா, இல்ல மேனுஃபாக்சர் பண்ணாங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. கிழவன் ஏதோ கதை அளக்கிறான் என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். நான் பழைய பெத்தி லரூஸ் அகராதியை எடுத்துத் தூசி தட்டினேன். அப்போதுதான் நாற்பது வருடத்துக்கு முன்பு நான் திருப்பி அனுப்பிய ஒரு மனுவும், அதைக் கொண்டுவந்த பெரியவரின் முகமும் நினைவுக்கு வந்தன. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொல்லின் கதை.

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் எங்களுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட மொழி. அதில் ஒரு லாபம் உண்டு. ஆங்கிலச் சொல் ஒன்றைப் பார்த்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் பிரெஞ்சுச் சொந்தக்காரர் எங்கள் கண்ணில் சீக்கிரம் பட்டுவிடுவார். பிரெஞ்சில் 'மேன்' என்றால் கை. மூக்கால் உச்சரிக்க வேண்டும். அதன் தாய் இலத்தீன் 'மானுஸ்'. செய்வதற்கு இலத்தீனில் 'ஃபாக்கெரே'. இந்த இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் பிரெஞ்சு 'மனுஃபக்த்யூர்'. 16ஆம் நூற்றாண்டில் அது கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய் 'மேனுஃபாக்சர்' ஆனது. எழுத்துக்கு எழுத்து அதன் பொருள் 'கையால் செய்தது'. பேத்தியின் சோப்பில் ஒரே சங்கதியைத்தான் இரண்டு பக்கமும் அச்சடித்திருக்கிறார்கள்.

இதே கை இன்னும் பல ஆங்கிலச் சொற்களில் ஒளிந்திருக்கிறது. 'மேனுஸ்கிரிப்ட்' என்றால் கையால் எழுதியது. இன்று கணினியில் தட்டிப் பதிப்பாளருக்கு அனுப்பும் கோப்புக்கும் அதே பெயர்தான். வயலுக்குப் போடும் எருவை ஆங்கிலத்தில் 'மெனியூர்' என்கிறார்களே, அதற்கும் கைதான் மூலம். நிலத்தைக் கைப்பாடுபட்டுப் பண்படுத்துவது என்ற பொருளில் தொடங்கி, பண்படுத்தப் போடும் எருவில் வந்து நின்றது. படை நடத்தும் தந்திரத்தைச் சொல்லும் 'மனூவர்' அதற்கு உடன்பிறப்பு. பிரெஞ்சில் 'மனேவ்ர்' என்று ஆண்பாலில் சொன்னால் இன்றைக்கும் கூலியாள் என்று பொருள். ஒரே வேரில் ஒன்று தளபதியிடம் போனது, ஒன்று கூலியாளிடம் போனது, ஒன்று குப்பைமேட்டுக்குப் போனது.

சரி, மேனுஃபாக்சருக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டு பிரான்சில் இது அரண்மனைச் சொல். பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர், 1662இல் பாரிசில் கொப்லேன் குடும்பத்தின் பழைய சாயப்பட்டறை இருந்த இடத்தை மன்னருக்காக வாங்கினார். அங்கே திரைச்சீலை நெய்பவர்களையும் தச்சர்களையும் வெள்ளி வேலைக்காரர்களையும் ஒன்றாகக் கூட்டி வைத்தார். அதற்குப் பெயர் அரச 'மனுஃபக்த்யூர்'. கண்ணாடிக்கு ஒன்று 1665இல் தொடங்கியது. பீங்கானுக்கு ஒன்று 1756இல் செவ்ர் நகருக்கு வந்தது. கொப்லேனில் இன்றும் தறியின் முன் உட்கார்ந்து கையால்தான் நெய்கிறார்கள். கட்டடத்துக்கும் பழைய பெயரே. அங்கே சொல்லும் பொருளும் இன்னும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன.

இங்கிலாந்தில் என்ன ஆயிற்று? அங்கேயும் முதலில் வம்பில்லை. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் பெரிய அகராதியை வெளியிட்டார். அதில் 'மேனுஃபாக்சரர்' என்ற சொல்லுக்கு அவர் தரும் பொருள் தொழிலாளி, கைவினைஞர் என்பது. கவனியுங்கள், முதலாளி இல்லை. தறியில் உட்கார்ந்தவர்தான் மேனுஃபாக்சரர், தறிக்குப் பணம் போட்டவர் அல்ல.

1776இல் ஆடம் ஸ்மித் தன் புகழ்பெற்ற நூலை ஓர் ஊசிப் பட்டறையிலிருந்து தொடங்குகிறார். குண்டூசி செய்வதில் சுமார் 18 தனித்தனி வேலைகள். ஒருவர் கம்பியை இழுப்பார், ஒருவர் நிமிர்த்துவார், ஒருவர் வெட்டுவார், ஒருவர் முனை தீட்டுவார், ஒருவர் தலை வைப்பார். பத்துப் பேர் இப்படிப் பங்கிட்டுச் செய்தால் ஒரு நாளைக்கு 48,000 ஊசிக்கு மேல் வரும். பழகாத ஒருவன் தனியாகச் செய்தால் 20 ஊசிகூடத் தேறாது என்பது அவர் கணக்கு. அதை அவர் மேனுஃபாக்சர் என்றுதான் சொல்கிறார். அந்தப் பட்டறையில் நீராவி இல்லை. வேலை முழுக்கக் கைகள்தான். ஆனால் ஒரு கைக்கு முழு ஊசி கிடையாது, பதினெட்டில் ஒரு பங்குதான். கை இருந்தது, கைக்குள் இருந்த முழு வேலை போய்விட்டது.

அப்புறம் இயந்திரம் வந்தது. ஆர்க்ரைட் 1769இல் நீரால் ஓடும் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, 1771இல் குரோம்ஃபோர்டு என்ற ஊரில் ஆலை கட்டத் தொடங்கினார். 1785இல் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். 1811இல் நாட்டிங்காம் பக்கத்துப் பின்னல் தொழிலாளர்கள், தங்கள் பிழைப்பைக் கெடுத்த சட்டங்களை இரவில் புகுந்து உடைத்தார்கள். அடுத்த வருடமே, சட்டத்தை உடைத்தால் மரண தண்டனை என்று பாராளுமன்றம் விதித்தது.

சண்டை தெருவில் நடந்துகொண்டிருந்தபோது சொல் சத்தமில்லாமல் கட்சி மாறிவிட்டது. 1832இல் சார்ல்ஸ் பாபேஜ், கணினியின் முன்னோடி என்று சொல்கிறோமே அவர்தான், ஒரு நூல் எழுதினார். அதில் 'மேக்கிங்' வேறு, 'மேனுஃபாக்சரிங்' வேறு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. ஒன்றிரண்டு செய்பவர் வெறும் 'மேக்கர்'. பெருமளவில், செலவுக் கணக்குப் பார்த்து, முழு ஏற்பாட்டையும் கட்டி ஆள்பவர்தான் மேனுஃபாக்சரர். ஜான்சனின் தொழிலாளி எண்பதே வருடத்தில் முதலாளி ஆகிவிட்டார். ஆள் மாறவில்லை, பெயர்ப்பலகைதான் பக்கத்து வீட்டுக்கு மாறிவிட்டது.

மூன்று வருடம் கழித்து, 1835இல், ஆண்ட்ரூ யூர் என்பவர் ஆலைகளைப் புகழ்ந்து ஒரு நூல் வெளியிட்டார். இந்தச் சொல் தன் மூலப்பொருளுக்கு நேர் எதிராகத் திரும்பிவிட்டது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் வருத்தப்படவில்லை. கைவேலையே தேவைப்படாததுதான் மிகச் சிறந்த மேனுஃபாக்சர் என்கிறார். கையால் செய்தது என்ற சொல்லுக்கு இப்போது பொருள், கை படாதது.

ஜெர்மானியரான கார்ல் மார்க்ஸ் மட்டும் பழைய பொருளை விடாமல் பிடித்துக்கொண்டார். 1867இல் வந்த 'மூலதனம்' நூலில் கைவேலையைப் பங்கிட்டுச் செய்த காலத்துக்கு ஓர் அத்தியாயம், இயந்திரத்துக்கு அடுத்த அத்தியாயம். 'மனுஃபக்தூர்' என்ற சொல்லை முதலாவதற்கே வைத்துக்கொண்டார்.

'ஃபாக்டரி' என்ற சொல்லுக்கும் நம் கடற்கரையில் ஒரு பழைய பொருள் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1611இல் மசூலிப்பட்டினத்தில் ஃபாக்டரி போட்டது. அங்கே எதுவும் தயாராகவில்லை. 'ஃபாக்டர்' என்றால் கம்பெனியின் வியாபார முகவர். அவர் தங்கும் வீடும் கிடங்கும் சேர்ந்ததுதான் ஃபாக்டரி. துணி நெய்தது சுற்றுக் கிராமத்து நெசவாளியின் கை. அது வீட்டுத் திண்ணையிலும் தறிக்குழியிலும் நெய்தது.

ஆங்கிலத்தை மட்டும் சிரித்துப் பயனில்லை. நம் தமிழிலேயே இதே கூத்து நடந்திருக்கிறது. நமக்குக் 'கைத்தொழில்' என்றால் பாய் முடைவதும் பானை வனைவதும். பாக்கு நீரிணையைத் தாண்டினால், இலங்கைத் தமிழில் 'கைத்தொழில் அமைச்சு' என்பது பெரிய தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து அமைச்சு. நாம் தொழிற்புரட்சி என்பதை அங்கே 'கைத்தொழிற் புரட்சி' என்று படிக்கிறார்கள். நீராவி இயந்திரத்தின் புரட்சிக்குக் கை என்று பெயர்! குறை சொல்லவில்லை. கை அவ்வளவு பழைய உறவு, சொல்லைவிட்டுப் போகச் சொன்னாலும் போவதில்லை.

இனி அந்த மனு.

1979 என்று நினைவு. சிறுதொழில் பதிவு மனுக்களைச் சரிபார்க்கும் மேசையில் நான் குமாஸ்தா. பதிவுச் சான்று இருந்தால் வங்கியில் கடன் கேட்கலாம். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். முதல் வரி 'மேனுஃபாக்சரரின் பெயர்'. ஏழாவதோ எட்டாவதோ வரி 'நிறுவப்பட்ட இயந்திரத்தின் குதிரைத்திறன்'.

வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குயவர் வந்தார். அறுபது வயது இருக்கும். நகத்தடியில் களிமண் காய்ந்திருந்தது. குதிரைத்திறன் கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். நான் 'விவரம் முழுமையில்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

"குதிரையெல்லாம் நமக்கு ஏதுங்க ஐயா, சக்கரத்தைக் கையாலதான் சுத்துறேன்" என்றார்.

"எதையாவது எழுதணும் பெரியவரே, காலியா விடக் கூடாது" என்றேன்.

ஒரு வாரத்தில் மறுபடி வந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரிடமோ கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார். கட்டத்தில் தமிழில், கொட்டை எழுத்தில், 'இரண்டு கை' என்று இருந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். இருவரும் சிரித்தோம். பெரியவரும், என்ன ஏதென்று புரியாமல், கூடச் சிரித்தார். சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

பிற்பாடு பதவி உயர்வுத் தேர்வுக்காக 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தைப் படித்தேன். மின்விசையோடு என்றால் பத்துப் பேர், மின்விசை இல்லாமல் என்றால் இருபது பேர் வேலை செய்யும் இடம் தொழிற்சாலை என்று அதில் இருந்தது. அதாவது, விசை இல்லாமலும் மேனுஃபாக்சர் நடக்கும் என்பது சட்டத்துக்கே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது என் மேசைக்குத்தான். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று நானே எழுதி மேலே அனுப்பியிருக்கலாம். அரை நிமிட வேலை. அனுப்பியிருந்தால் கடன் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். அதிகாரி திருப்பியிருந்தால் அது அதிகாரியின் பாடு. நான் மேலேயே அனுப்பவில்லை. பள்ளியில் முதல் வகுப்பில் கற்ற சொல் 'மேன்', கை. ஜான்சன் அகராதிப்படி பார்த்தால் அன்று அந்த அறையில் இருந்த ஒரே மேனுஃபாக்சரர் அவர்தான். நாங்கள் இரண்டு பேர் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தோம்.

குளித்துவிட்டு வந்த பேத்தியிடம் அகராதியைக் காட்டினேன். படித்துப் பார்த்தாள். "அப்போ 'ஹேண்ட்மேட்'னு தனியா ஏன் தாத்தா போடணும்?" என்றாள். கையை எடுத்துவிட்டுச் செய்து பழகியவர்கள், கை வைத்துச் செய்ததற்குத் தனிச் சொல்லும் கூடுதல் விலையும் போட வேண்டியிருக்கிறது என்றேன். குயவரைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், அவள் படித்தால் படிக்கட்டும்.

அந்தக் கட்டத்துக்கு 'இரண்டு கை' என்பதே சரியான விடை. அன்று சுழித்த சிவப்பு மையை இன்று அடித்துவிடுகிறேன்.