தலைவழி மூளைத் தூண்டல் (சிறார் நரம்பியல்)

மண்டையைத் திறக்காமல் காந்தத் துடிப்பாலோ மெல்லிய மின்னோட்டத்தாலோ மூளையின் ஒரு பகுதியைத் தூண்டியோ தணித்தோ குழந்தைகளின் நரம்புக் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளிக்கும் முறை. தலைவலிக்கு மின்திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொன்ன முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸிலிருந்து வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். இன்றைய சிகிச்சைக்கும் அதற்கும் உறவு குறைவு. 1980இல் மெர்ட்டன், மார்ட்டன் என்ற ஆய்வாளர்கள் உயர் மின்னழுத்தத்தால் மூளையைத் தலைவழியே தூண்டித் தசையை அசைத்தனர், வலித்தது. 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு அதையே காந்தப்புலத்தால் வலியின்றிச் செய்தது. தலைமேல் பிடித்த சுருள் 'டக்' என ஒலிக்கும். மறுபக்கத்துக் கைவிரல் துள்ளும்.

குழந்தைகளிடம் இக்கருவி முதலில் நரம்பிணைப்பை அறியும் அளவுகோலாகவே பயன்பட்டது. பிறந்த குழந்தையில் மூளையின் ஒவ்வொரு பாதிக்கும் இரு கைகளோடும் நரம்பிணைப்பு உண்டு. வளர வளர அதே பக்கத்து இணைப்பு தளர்கிறது. பிறப்பையொட்டிப் பக்கவாதம் வந்தவர்களிடம் நல்ல பாதியின் அவ்விணைப்பு வலுவாக நின்றுவிடுவதை நியூகாசிலில் ஜேனட் அயர் குழு காட்டியது. பெரியவர்களின் பக்கவாதத்துக்கான கோட்பாடு இங்கேதான் இடறுகிறது. நல்ல பாதி பழுதுற்ற பாதியை அமுக்குகிறது, ஆகவே நல்லதைத் தணிக்க வேண்டும் என்பதே அக்கோட்பாடு. ஆனால் வலுவிழந்த கையை இயக்குவதே நல்ல பாதி என்றால்? இக்கேள்வி இன்னும் முற்றாகத் தீரவில்லை. கனடாவில் ஆடம் கிர்ட்டன் குழு 2008இல் 10 குழந்தைகளிடம் தணிப்பு முறையைச் சோதித்தபோது கைப்பிடி வலு கூடியது. பின்னர் கால்கரியில் 6 முதல் 19 வயது வரையான 45 பேருக்கு இரு வாரப் பயிற்சி முகாம் நடத்தி, 2016இல் முடிவை வெளியிட்டது. சிலருக்குக் காந்தத் தூண்டல், சிலருக்கு நல்ல கையைக் கட்டிவைத்து மற்றதைப் பழக்குதல், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் முகாம். ஆறு மாதம் கழித்துக் கைத்திறனில் அதிக முன்னேற்றம் இரண்டும் பெற்றவர்களுக்கே. எந்தக் கையின் திறனும் குன்றவில்லை என்பது மேற்சொன்ன அச்சத்துக்கு ஓரளவு பதில். ஆயினும் குழந்தைகள் தாமே வைத்துக்கொண்ட இலக்குகளில் முகாம் மட்டும்கூடப் பெரிய பலன் தந்ததால், தூண்டலைத் தனி மருந்தாக அன்றிப் பயிற்சியின் துணையாகக் கொள்வதே பொருந்தும்.

காந்தத்தைவிட மின்னோட்டமே எளியது, மலிவானது என்பர். ஆனால் பிறப்பையொட்டிப் பக்கவாதம் வந்த 24 பேரிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், அளந்தறிந்த கைத்திறனில் போலித் தூண்டலைவிட அது மேம்படவில்லை. குழந்தைகளும் பெற்றோரும் தந்த மதிப்பீடுதான் உயர்ந்தது. கால்-கை வலிப்பு, டூரெட் நோய், ஆட்டிசம் ஆகியவற்றிலும் சிறு ஆய்வுகள் உள்ளன. 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு காந்தக் கருவியை 15 வயது முதலானோரின் மனச்சோர்வுக்கு அனுமதித்தது.