பயனர் வலை அடைவு

பயனர் வலை அடைவு: ஒரே வலைவழங்கியைப் பலர் பகிரும்போது, ஒவ்வொருவரும் தம் இல்ல அடைவில் வைத்திருக்கும் பக்கங்களையும் ஸ்கிரிப்டுகளையும் அவ்வழங்கியே எடுத்து வழங்கும் ஏற்பாடு. முகவரியில் பயனர் பெயருக்கு முன் டில்டே குறி (~) வரும். ஸ்கிரிப்ட் யாருடைய உரிமையில் ஓடுகிறது என்ற கேள்வியே இதன் வரலாற்றை நடத்திவந்திருக்கிறது.

தோற்றம்

ஏடிஎம்-3ஏ என்ற கணினி முனையத்தில் 'ஹோம்' என்ற சொல்லும் டில்டேயும் ஒரே விசையில் இருந்தன. யூனிக்ஸின் சி ஷெல் வழியே அக்குறி இல்ல அடைவுக்கு அடையாளமாயிற்று. 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வலைவழங்கியில் பயனர் அடைவும், நிரல்களை ஓட்டும் சிஜிஐ முறையும் சேர்ந்தன. அதிலிருந்து கிளைத்த அப்பாச்சி 1995இல் வெளிவந்தது.

உரிமைச் சிக்கல்

எல்லார் ஸ்கிரிப்டும் வலைவழங்கியின் ஒரே கணக்கில் ஓடினால், ஒருவருடைய நிரல் இன்னொருவருடைய தரவைப் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம். இதைத் தடுக்க அப்பாச்சி 1.2 பதிப்பில் சூஎக்செக் வந்தது. ஸ்கிரிப்டை அதன் உரிமையாளர் பெயரிலேயே ஓட்டும் இது, அதற்குமுன் பல சோதனைகளை நடத்தும். அனுமதியை 777 என்று வைத்தால் யார் வேண்டுமானாலும் கோப்பைத் திருத்தலாம் என்பதால் சூஎக்செக் மறுத்துவிடும்; உலாவியில் 500 பிழை தெரியும். 755 என மாற்றினால் ஓடும். பிஎச்பி நிரல்மொழிக்கு இதே பிரிவினையை, 2010இல் அதன் 5.3.3 பதிப்புடன் சேர்ந்த எஃப்பிஎம் தருகிறது.

அமைக்கும் முறை

அப்பாச்சியின் 'யூசர்டிர்' கூறினை இயக்கி, 'பப்ளிக்_எச்டிஎம்எல்' அடைவுக்கு ஸ்கிரிப்ட் ஓட்டும் அனுமதி தர வேண்டும். இல்ல அடைவுக்கு 711 போதும்: பிறர் கடந்து செல்லலாம், உள்ளிருப்பவற்றைப் பட்டியலிட முடியாது. உபுண்டு 21.04 முதல் புதிய இல்ல அடைவுகள் 750 என்றே உருவாவதால், இதை மாற்றாதவரை வழங்கி உள்ளே நுழையாது. டெபியனிலும் உபுண்டுவிலும் அப்பாச்சியின் பிஎச்பி கூறு பயனர் அடைவில் அணைக்கப்பட்டே வருகிறது. அந்நிலையில் நிரல் ஓடாது. மூலவரிகளே வாசகருக்குப் போய்ச்சேரும். அதில் தரவுத்தளக் கடவுச்சொல் இருந்தால் அதுவும் வெளிப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டில்

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் டெபியன் வழிவந்தது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் இதுவும் இடம்பெற்றது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு மாவட்ட மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்துவருகிறது. அம்மாவட்டத்தின் கண்டாச்சிபுரத்து மாணவர் பயனர் வலை அடைவைக் கற்க, அப்பாச்சி நிறுவப்பட்டிருந்தால், இணைய இணைப்போ, விலைகொடுத்து வாங்கிய வழங்கியோ தேவையில்லை. தம் மடிக்கணினியில் இரண்டு பயனர் கணக்குகளை உருவாக்கி, ஒருவருடைய ஸ்கிரிப்ட் மற்றவருடைய கோப்பைத் தொட முடிகிறதா என்று சோதிக்கலாம். சூஎக்செக் இல்லாமல் ஒருமுறை, அதை இயக்கி மறுமுறை பார்த்தால் வேறுபாடு கண்முன் தெரியும். பெரிய வழங்கிகளில் பல்லாயிரம் பயனர்களைப் பிரித்துக் காப்பதும் இதே நெறிதான்.