எல்லீசன்: ஒரு பெயர் தமிழான கதை

1818-இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஊரில் 27 கிணறுகள் வெட்டுவித்தார் கலெக்டர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். இராயப்பேட்டைக் கிணற்றருகே நட்ட கல்லில், நாட்டுக்கு நீர்வளம் உறுப்பு என்னும் திருக்குறளைப் பொறித்ததோடு, தம்மை ‘எல்லீசன்’ என்றும் சொல்லிக்கொண்டார். அந்தப் பெயருக்குப் பின்னே ‘யானே’ என்று ஒரு சொல் வருகிறது. அதிலுள்ள ஏகாரத்தை அசைநிலை என்று தள்ளிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. உறுதி சொல்லும் தேற்ற ஏகாரமாகவே அது என் காதில் விழுகிறது.

எலியாஸ் என்ற பெயர் இங்கிலாந்தில் பேச்சுவழக்கில் தேய்ந்து எல்லிஸ் ஆயிற்று. விவிலியத்து எலியா தீர்க்கதரிசியின் பெயர்தான் அது. எபிரேயத்தில் ‘ஏல்’ என்றால் கடவுள். தமிழில் ‘எல்’ என்றால் ஒளி, பகல். பெயரின் பின்பாதியில் ‘ஈசன்’ ஒலிக்கிறது. இவற்றை முடிச்சுப் போட ஆசை எழும், போடக்கூடாது. ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. வேர்ச்சொற்களை வரிசையாக வைத்து, தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்ததல்ல, தமிழ், கன்னடத்தோடு ஒரே குடும்பம் என்று 1816-இல் நிறுவியவரே இந்த எல்லிஸ்தானே!

பெயர் மாறிய வழி எளியது. தமிழ்ச்சொல் ‘ஸ்’ என்னும் மெய்யில் முடியாது. சகரமாக்கி, ஆண்பால் ‘அன்’ சேர்த்து, இகரத்தை நீட்டினால் எல்லீசன். அலகிட்டால் நேர் நேர் நேர், தேமாங்காய். செய்யுளில் இடறாமல் உட்காரும் பெயர். வீரமாமுனிவரான கொன்ஸ்தான்சோ பெஸ்கியின் பெயரிலிருந்த உறுதி என்னும் பொருளைப் பெயர்த்துத் தைரியநாதர் என்றார்கள். எல்லிசுக்கோ பொருளைத் தொடாமல் ஒலியையே தமிழாக்கினார்கள். நாள்தோறும் கூப்பிட்டுப் பழகிய வாய்களுக்குத்தான் இது கைவரும்.

அந்த வாய்கள் யாருடையவை? 1812-இல் அவர் முன்னின்று தொடங்கிய சென்னைக் கல்விச் சங்கத்துப் புலவர்களிடையே தேடலாம். அவரிடம் சிரஸ்தாராக இருந்த சங்கரய்யாவின் விடைகள், மிராசு உரிமை பற்றிய 1818-ஆம் ஆண்டு நூலில் எல்லிசின் எழுத்தோடு சேர்ந்தே அச்சாயின. எல்லிஸ் அனுப்ப, ஏடு தேடித் தெற்கே போன முத்துசாமிப் பிள்ளை, பிறகு பெஸ்கியின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். ஒருவர் கலெக்டர், மற்றவர்கள் அவர்கீழ் வேலை பார்த்தவர்கள். அதை மறைத்து நட்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதிகாரத்தால் வாங்கக்கூடிய பெயர் ‘துரை’. ‘எல்லீசன்’ பக்கத்தில் உட்கார்ந்து ஏடு படித்தவருக்குக் கிடைப்பது.

1819 மார்ச்சில், இராமநாதபுரத்தில், தவறுதலாக நஞ்சு உட்கொண்டு எல்லிஸ் இறந்தார். வயது நாற்பத்தொன்றோ இரண்டோ. கல்லறைக்கென எழுதிய தமிழ்ச் செய்யுள், அவர் குறளை ஆங்கிலமாக்கியதைச் சொல்கிறது, பெயரையும் சொல்கிறது. எல்லீசன் என்பதைச் சிறப்புப் பெயர் என்றோ பட்டம் என்றோ சொல்லவில்லை. ‘இயற்பெயர்’ என்கிறது.