பீபெரியா, பிளாண்டேஷன் ஏ-யா? தம்பானூர் கோபுரமும் காப்பி ருசி பார்க்கிறவர்களும்

திருவனந்தபுரத்தில் ரயிலை விட்டு இறங்கி தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தவர்களுக்கு அந்தச் செங்கல் கோபுரத்தைத் தெரியாமல் இருக்காது. லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காப்பி ஹவுஸ். உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே சரிவாக வட்டமடித்து மேலே ஏறும். சுவரை ஒட்டியே மேஜையும் இருக்கையும். செங்கல் இடைவெளிகள் வழியாகக் காற்றும் வெளிச்சமும். விசிறி வைத்த தலைப்பாகையோடு பரிமாறுகிறவர் வந்து நிற்பார். நாகர்கோவில் வண்டிக்கு நேரம் இருந்தால் ஒரு காப்பி, பீட்ரூட் கலந்த ஒரு கட்லெட். திருவனந்தபுரத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இது எனக்கு மனப்பாடம்.

அங்கே கிடைப்பது நல்ல காப்பியா?

இந்தக் கேள்வியை இங்கே நம்மவர்கள் கூடும் இடத்தில் போட்டுப் பாருங்கள், உடனே இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு ஒரே தோட்டத்துக் கொட்டை, வறுத்த தேதி, தராசு, வெப்பமானி எல்லாம் வேண்டும். காப்பி ஹவுஸ் காப்பியை அவர்கள் காப்பி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொரு கட்சி, "ஒரு டம்ளர் காப்பிக்கு இத்தனை டாலரா? காப்பி ஹவுஸில் நாலு பேர் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாமே" என்கும். வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் இந்த இரண்டு கட்சிக்கும் பிறந்த வீடு ஒன்றுதான். இரண்டுமே ஒரே அரசு அலுவலகத்தின் வரலாற்றிலிருந்து வந்தவை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நோய்

19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தெற்கு மலைகளில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அசம்பு மலைப் பக்கம், ஐரோப்பியர்கள் காப்பி போட்டார்கள். இலங்கையில் அதைவிடப் பெரிய அளவில். மலையகத் தமிழர்களின் முன்னோர் முதலில் கடல் தாண்டிப் போனது தேயிலைக்கு அல்ல, காப்பிக்குத்தான். 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி. இலை உதிரும், செடி ஓயும். இருபது வருடத்துக்குள் இலங்கையின் காப்பித் தொழில் ஏறக்குறைய அழிந்தே போனது. தென்னிந்திய மலைகளையும் அந்த நோய் விடவில்லை. பல தோட்டங்கள் தேயிலைக்கு மாறின.

காப்பியை விடாதவர்கள் இரண்டு வழி தேடினார்கள். ஒன்று, துருவைத் தாங்கும் அராபிகா. கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1940களில் வெளிவந்த எஸ்.795 இந்த வழியில் வந்தது. இரண்டாவது, நோய்க்கு அவ்வளவாக அசையாத ரோபஸ்டா. அராபிகாவைப் போல இரண்டு மடங்கு கஃபீன், கசப்பு தூக்கல், டிகாஷன் கெட்டி. கேரளத்தின் காப்பி இன்று பெரும்பாலும் ரோபஸ்டாதான், அதில் பெரும்பகுதி வயநாட்டில் விளைகிறது. நம்மவர்கள் மெச்சும் 'திக்கான' டிகாஷனுக்குப் பின்னால் ஒரு பூஞ்சையும் இருக்கிறது பாருங்கள்!

பிறகு ஒரு அலுவலகம்

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் காப்பி விலை விழுந்தது. 1935இல் காப்பி செஸ் சட்டம் வந்தது. அந்த வரிப் பணத்தில், இந்தியர்களுக்குக் காப்பி குடிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு கமிட்டி கிளம்பியது. 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காப்பி ஹவுஸ். அது பிரச்சாரக் கடை. லாபம் இரண்டாம் பட்சம்.

அதற்குள் இரண்டாம் உலகப் போர். ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டது, கொட்டை தேங்கியது. 1940இல் ஒரு அவசரச் சட்டம், 1942இல் காப்பிச் சட்டம். இப்படிப் பிறந்ததுதான் காப்பி போர்டு. விவசாயி தன் வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதி முழுவதையும் போர்டின் 'பூல்' என்ற பொதுக் குவியலில் ஒப்படைக்க வேண்டும். போர்டு அதைத் தரம் பிரித்து ஏலம் விட்டு, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும்.

போர்க்காலத்தில் இது விவசாயியைக் காப்பாற்றிய ஏற்பாடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் போர் முடிந்தும் ஐம்பது வருடம் இதே ஏற்பாடு நீடித்தது. அதன் விளைவை நம் வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கலாம்.

காப்பிப் பொடிக் கடையில் அம்மா என்ன கேட்பார்? "பீபெரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி, சிக்கரி கொஞ்சம் போடுங்க." இந்தப் பெயர்கள் என்ன சொல்கின்றன? 'பிளாண்டேஷன்' என்றால் தண்ணீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. 'ஏ' என்றால் 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் கொட்டை. 'பி' என்றால் 6 மில்லிமீட்டர். 'பீபெரி' என்றால் ஒரு பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டைக்குப் பதிலாக விளைந்த ஒற்றை உருண்டைக் கொட்டை. பதப்படுத்திய விதம், அளவு, வடிவம், அவ்வளவுதான்! எந்த மலை, யார் தோட்டம், எப்போது பறித்தது, ருசி எப்படி என்று ஒன்றும் கிடையாது. ஒருவர் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்திருப்பார், இன்னொருவர் பச்சையும் பழமுமாகச் சேர்த்து உருவியிருப்பார். குவியலுக்குள் போனதும் இருவர் பெயரும் மறைந்துவிடும்.

பழத்தை மட்டும் பறிப்பதென்றால் ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை ஆள் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூலி. பெயரும் இல்லை, அதற்கேற்ற விலையும் இல்லையென்றால் எந்த விவசாயி அந்தக் கூலியைக் கொடுப்பார்?

தலைப்பாகைக்காரர்கள் முதலாளியான கதை

1950களின் நடுவில் காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூட முடிவு செய்தது. வேலை செய்தவர்கள் தெருவுக்கு வரும் நிலை. அப்போது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சொன்ன யோசனை, நீங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்துங்கள் என்பது. 1957 ஆகஸ்ட்டில் பெங்களூரில் முதல் சங்கம் உருவானது. அக்டோபரில் தில்லியில் கடை திறந்தது. கேரளத்தில் 1958 மார்ச்சில் திருச்சூர், ஆகஸ்ட்டில் தலச்சேரி. கேரளத்தில் இரண்டு சங்கங்கள். தெற்கே திருச்சூர் சங்கம், வடக்கே கண்ணூர் சங்கம். தம்பானூர் கோபுரம் திருச்சூர் சங்கத்தைச் சேர்ந்தது. திருச்சூர் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை. அவரும் காப்பி ஹவுஸ் தொழிலாளியாக இருந்தவர்தான்.

ஆக, அந்தச் சரிவில் காப்பி கொண்டு வருகிறவர் அந்த நிறுவனத்தின் பங்காளி. சிறிய இடத்தில், செலவைச் சுருக்கி, எல்லோரும் வந்து உட்காரக்கூடிய கட்டடத்தை பேக்கர் கட்டிக்கொடுத்ததும் இதோடு பொருந்திப் போகிறது. மேஜைகள் எல்லாம் ஒரே சரிவில்தான். பெரிய மனிதருக்குத் தனி அறை கிடையாது.

கோப்பையின் இந்தப் பக்கத்தில், பரிமாறுகிறவருக்கு நியாயம் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் கொட்டை விளைவித்தவர் இன்னும் பெயரில்லாமலே இருந்தார்.

குவியல் கலைந்தது

1989 ஜூலையில் சர்வதேச காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிக் கோட்டா முறை சரிந்தது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. ரூபாய் கணக்கில் நம் காப்பியை வாங்கிக்கொண்டிருந்த பெரிய வாடிக்கையாளர் அது. குவியல் முறை தாக்குப்பிடிக்கவில்லை. 1992 முதல் படிப்படியாக விவசாயிகளுக்கு விற்கும் உரிமை வந்து, 1996இல் முழுச் சுதந்திரம். ஐம்பது வருடத்துக்குப் பிறகு தோட்டக்காரர் தன் பெயரில் தன் கொட்டையை விற்கலாம்.

பெயர் இருந்தால் போதுமா? நல்லது எது என்று யாராவது சொல்ல வேண்டுமே. இங்கேதான் ருசி பார்க்கிறவர்கள் வருகிறார்கள்.

'ஸ்பெஷாலிட்டி காப்பி' என்ற சொல்லை 1974இல் ஒரு வணிகப் பத்திரிகையில் பயன்படுத்திப் பரப்பியவர் எர்னா நட்சன். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு காப்பி வியாபார நிறுவனத்தின் செயலாளராக இருந்தவர். ருசி பார்க்கும் அறைக்குள் பெண் வரக்கூடாது என்று ஆண்கள் முறுக்கிக்கொண்ட காலத்தில் உள்ளே போய்க் கற்றுக்கொண்டவர். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1972இல், நம் காப்பி போர்டில் ருசி பார்க்கும் வேலையில் சேர்ந்தார் சுனாலினி மேனன். பிறகு அந்தப் பிரிவுக்கே தலைமை வகித்தார். 1990களில் வெளியே வந்து பெங்களூரில் சொந்தப் பரிசோதனைக்கூடம் தொடங்கினார். பெயரைத் தொலைத்த அதே போர்டுக்குள்தான் ருசியை எழுதி வைக்கும் வித்தையும் வளர்ந்தது.

அந்த வித்தை ரொம்ப எளிமையானது. 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் பொடி. தண்ணீர் சுமார் 93 டிகிரி. பால், சர்க்கரை கிடையாது. நாலு நிமிடம் பொறுத்து, மேலே மிதக்கும் பொடியைக் கரண்டியால் விலக்கி முகர வேண்டும். கொஞ்சம் ஆறியதும் 'சர்ர்ர்' என்று சத்தமாக உறிஞ்ச வேண்டும் (வீட்டில் அப்படிக் குடித்தால் திட்டு விழும்!). ஒரே கொட்டையில் ஐந்து கோப்பை. ஏனென்றால் ஒரு கெட்ட கொட்டை ஒரு கோப்பையைக் காட்டிக்கொடுத்துவிடும். எது யார் கொட்டை என்று ருசிப்பவருக்குத் தெரியாது. மணம், புளிப்பு, இனிப்பு, உடல், பின்சுவை என்று பத்துத் தலைப்பில் மதிப்பெண். நூற்றுக்கு 80 தாண்டினால் ஸ்பெஷாலிட்டி. அமெரிக்கச் சங்கம் பரப்பிய இந்தப் படிவத்தின் இடத்துக்கு அண்மையில் புது முறை வந்துவிட்டது. ஆனாலும் 80 என்ற எண் எல்லோர் வாயிலும் தங்கிவிட்டது.

சல்லடை கேட்ட கேள்வி, எவ்வளவு பெரிசு? இந்தக் கரண்டி கேட்கும் கேள்வி, எப்படி இருக்கிறது?

போட்டி எதற்கு?

1999இல் பிரேசிலில் ஒரு போட்டி நடந்தது. பிறகு 'கப் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்று புகழ் பெற்றது. நடுவர்கள் பெயர் தெரியாமல் ருசித்துத் தேர்ந்தெடுத்த கொட்டைகள் இணையத்தில் ஏலம் போயின. 2000இல் மான்டி கார்லோவில் முதல் உலக பரிஸ்டா போட்டி. 2002இல் நம் காப்பி போர்டு 'ஃப்ளேவர் ஆஃப் இந்தியா – ஃபைன் கப்' விருதைத் தொடங்கியது.

அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1997இல் நியூயார்க் சந்தையில் பவுண்டுக்கு 3 டாலர் தாண்டிய அராபிகா, 2001இல் 50 சென்ட்டுக்கும் கீழே போனது. லண்டன் சந்தையில் ரோபஸ்டாவும் விழுந்தது. மிளகு விலையும் சேர்ந்து சரிய, வயநாட்டில் கடனில் மாட்டிய விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். குவியல் இருந்திருந்தால் அந்த அடியைக் கொஞ்சம் தாங்கியிருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. சுதந்திரம் விவசாயிக்குப் பெயரைக் கொடுத்தது, பாதுகாப்பை எடுத்துக்கொண்டது.

அதனால்தான் ருசிப் போட்டியை நான் பணக்காரர் பொழுதுபோக்காகப் பார்ப்பதில்லை. நியூயார்க்கிலும் லண்டனிலும் முடிவாகும் விலையிலிருந்து ஒரு விவசாயி கொஞ்சமாவது விலகி நிற்க, இது ஒரு வழி. ஆனால் எல்லோருக்கும் வழி இல்லை என்பதும் உண்மை. இந்தியக் காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் பத்து ஹெக்டேருக்குக் குறைவான நிலம் உள்ளவர்கள். அவர்களுக்கு மூன்று தடவை பறிக்கக் கூலியும், பழத்தை உலர்த்தக் களமும், மழைக்கு முன் விற்றே தீர வேண்டாத தெம்பும் வேண்டும். கோப்பைக்கு மதிப்பெண் போடுவது இதையெல்லாம் தந்துவிடாது.

2019இல் கூர்க் அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபாபுதன்கிரி அராபிகா, அரக்கு அராபிகா ஆகியவற்றோடு வயநாடு ரோபஸ்டாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ரோபஸ்டா என்றாலே மட்டம் என்ற நினைப்பும் மாறி வருகிறது. பழமாகப் பறித்து, கழுவி, நிதானமாக உலர்த்திய ரோபஸ்டாவுக்கும் 'ஃபைன் ரோபஸ்டா' என்று தனி அளவுகோல் இருக்கிறது. நோய்க்குப் பயந்து வந்த செடி, இப்போது ருசிக்காக நிற்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

இரண்டு கட்சியில் எதிலும் சேர வேண்டாம் என்பது என் கட்சி :-). தம்பானூர் கோபுரம் பரிமாறுகிறவருக்கு நியாயம் செய்தது. ருசி பார்க்கும் கரண்டி, நன்றாக நடந்தால், பறிக்கிறவருக்கும் விளைவிக்கிறவருக்கும் நியாயம் செய்யலாம். ஒன்றைச் சொல்லி மற்றதைக் கேலி செய்ய ஒன்றும் இல்லை.

அடுத்த முறை ஊருக்குப் போய்ப் பெட்டியில் காப்பிப் பொடி கட்டும்போது, கடைக்காரரிடம் பீபெரியா ஏ-யா என்பதோடு மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்கள். எந்த மலைக் கொட்டை? எப்போது வறுத்தது? சிக்கரி எத்தனை பங்கு? (நம் நாட்டுச் சட்டப்படி சிக்கரி 49 சதவீதம் வரை போகலாம், பாக்கெட்டில் எழுதியிருக்கும்.) முதல் கேள்விக்குக் கடைக்காரர் முழிப்பார். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். மொத்த வியாபாரி தோட்டத்தைக் கேட்பார். ஐம்பது வருடம் குவியலில் காணாமல் போன பெயர், அப்படித்தான் நம் டம்ளர் வரைக்கும் வந்து சேர வேண்டும்.