எண்ணெய்க்கும் உருண்டைக்கும் நூறாண்டுப் போட்டி



'உராய்வு ஒரு தேவையான தீமை' என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பாடத்தை நானே சரியாகப் புரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகு, அதுவும் ஒரு விளையாட்டு அரங்கில்.

மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தோம். மாப்பிள்ளை வாரத்தில் ஒரு நாள் பௌலிங் ஆடுவார். என்னையும் அழைத்துப் போனார். நல்ல விலை கொடுத்து, கண்ணாடி போல மின்னும் புது உருண்டை ஒன்று வாங்கியிருந்தார். அன்று அது வளையவே இல்லை. "இன்னைக்கு லேன்ல எண்ணெய் ஜாஸ்தி மாமா, வழுக்கிக்கிட்டே போகுது" என்றார். விளையாடும் தரையில் எண்ணெய் எதற்கு? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்ததுதான் இந்த வரலாறு.

முதலில் ஆடுகளம். கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி நீளம், ஏறத்தாழ மூன்றரை அடி அகலம். எதிரே பத்துப் பின்கள், ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை கிலோ. உருண்டை அதிகபட்சம் 16 பவுண்டு இருக்கலாம். 1895இல் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் இந்த ஆட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது.

அந்தக் காலத்து உருண்டை மரத்தில் கடைந்தது. கரீபியன் பகுதியில் விளையும் லிக்னம் வைட்டே என்ற மரம். பெயருக்கு இலத்தீனில் 'உயிர் மரம்' என்று பொருள். தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். 1905இல் ரப்பர் உருண்டை வந்தது. 1914இல் பிரன்சுவிக் நிறுவனம் மினரலைட் என்ற கடின ரப்பர் உருண்டையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு மரத்துக்கு வேலை இல்லாமல் போனது.

பாதையும் மரம்தான். உருண்டை விழுந்து தேய்க்கும் முன்பகுதியிலும் பின்கள் நிற்கும் இடத்திலும் மேப்பிள், நடுவில் பைன். அதன் மேல் பூசிய மெருகு தேயாமல் காப்பாற்றத்தான் எண்ணெய் தடவினார்கள். கேரம் போர்டில் காய் ஓடுவதற்காக நாம் பவுடர் போடுகிறோம். இங்கே நோக்கம் வேறு, தரையைக் காப்பது. ஆனால் தரையைக் காக்க வந்த எண்ணெய் ஆட்டத்தையே மாற்றிவிட்டது.

ஏன் என்றால், நேராகப் போகும் உருண்டை முதல் பின்னில் மோதியதும் விலகிவிடும். பக்கவாட்டில் இருந்து ஏறத்தாழ 6 பாகைக் கோணத்தில் நுழைந்தால்தான் பத்தும் சாய வாய்ப்பு அதிகம். அந்த வளைவைத் தருவது உராய்வு. உராய்வைக் குறைப்பது எண்ணெய். ஒரு பாதைக்கு இருபது, முப்பது மில்லிதான். இரண்டு மேசைக்கரண்டி அளவு. கண்ணுக்கே தெரியாது. ஆட்டத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

அறுபதுகளில் பாலியெஸ்டர் உருண்டை பரவியது. 1973இல் டான் மெக்யூன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் தன் உருண்டையை ஒரு கரைப்பானில் ஊறவைத்தார். எளிதில் தீப்பற்றும் ஆபத்தான திரவம் அது. உருண்டையின் மேற்பரப்பு இளகியது, பாதையைப் பற்றியது. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் அவருக்கே. அப்போது அதைத் தடுக்க விதியே இல்லை. மற்றவர்களும் ஊறவைக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் ஊசி அழுத்திக் கடினத்தை அளக்கும் டியூரோமீட்டரில் 72க்குக் கீழே இருக்கக் கூடாது என்ற விதி வந்தது.

விதி ஒரு கதவை மூடினால் வேதியியல் இன்னொன்றைத் திறக்கும். 1981இல் யூரித்தேன் உருண்டை வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் வந்தது. இதன் மேலோட்டில் நுண்துளைகள் உண்டு, எண்ணெயை உறிஞ்சும். முழு மதிப்பெண்ணான 300 எடுப்பவர்கள் மளமளவென்று பெருகினார்கள். உறிஞ்சிய எண்ணெயாலேயே நாளடைவில் உருண்டை பிடிப்பை இழக்கும். அதனால்தான் துடைக்கிறார்கள், வெந்நீரில் வைத்து எண்ணெயை வெளியேற்றுகிறார்கள்.

இத்தனையும் தெரிந்தால், எண்ணெய் அதிகமான பாதைக்கு உருண்டை தேர்வது கடினமில்லை. மேலோடு ரியாக்டிவ் ரெசினாக இருக்க வேண்டும், அதிலும் மினுமினுப்புச் சேர்க்காத வகை. மேற்பரப்பு மங்கலாக, உப்புத்தாள் தேய்த்ததாக இருக்க வேண்டும். தாளின் எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். 500க்கும் 2000க்கும் இடையே தேய்ப்பது வழக்கம். உள்ளே இருக்கும் கரு, எடையை மையத்தை ஒட்டி வைத்திருந்தால் உருண்டை சீக்கிரம் உருளத் தொடங்கும். வேகமாக வீசுபவருக்கு இந்தப் பிடிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். எஞ்சிய ஒற்றைப் பின்னைச் சாய்க்க மட்டும் பழைய பாலியெஸ்டரே போதும். நேராகப் போகும், எண்ணெயைப் பற்றிக் கவலைப்படாது.

மாப்பிள்ளையின் தவறும் இதில் புரிந்தது. மின்னும் மெருகு, எண்ணெய் காய்ந்த பாதைக்கானது. புது உருண்டை வாங்க வேண்டியதில்லை, இதையே மங்கலாக்குங்கள் என்றேன். கடையில் கொடுத்துத் தேய்த்து வாங்கினார். அடுத்த வாரம் உருண்டை வளைந்தது. ஆனாலும் அவருடைய அணி தோற்றது. வளைந்த உருண்டையைச் சரியான இடத்துக்கு அனுப்ப அவருக்குக் கை இன்னும் பழகவில்லை.

மெக்யூன் செய்தது தவறா? என்னைக் கேட்டால் இல்லை என்பேன். எல்லோருக்கும் தெரிந்த விதிக்குள் நின்று, உராய்வைப் புரிந்துகொண்டு ஆடினார். ஆனால் அதன் பின் வந்த விதியும் தவறில்லை. திரவத்தை யார் துணிந்து கையாளுகிறார்கள் என்பது போட்டியாகிவிட்டால், கைத்திறனுக்கு அங்கே என்ன இடம்?

உராய்வு தீமையும் அல்ல, நன்மையும் அல்ல. எங்கே எவ்வளவு வேண்டும் என்று தெரிவதுதான் பாடம். மறுபடி அந்த எட்டாம் வகுப்பு கிடைத்தால் இப்படித்தான் தொடங்குவேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்