பணம் போகும் முன்: அமெரிக்கக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பும் அதன் அமலாக்கமும்

1964 ஜூலை 2 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு அளவில் சிறியது. கூட்டாட்சி அரசின் நிதியுதவி பெறும் எந்தத் திட்டத்திலும் ஒருவரை இனம், நிறம், தேசியப் பூர்வீகம் ஆகியவற்றின் பேரில் விலக்கவோ, பயன் மறுக்கவோ, பாகுபாட்டுக்கு உள்ளாக்கவோ கூடாது என்கிறது அது. மீறுவோருக்கு நிதி நிறுத்தப்படலாம்.

இந்தத் தடையின் வரலாற்றிலிருந்து இரு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1966இல், நான்கு மாதங்களுக்கும் குறைவான காலத்தில், ஏறத்தாழ ஆயிரம் மருத்துவமனைகள் தங்கள் இனப்பிரிப்பைக் கைவிட்டன. 1992இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரை ஒட்டி, மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றுக்கு அனுமதி வழங்கிய முறையில் கறுப்பின மக்களுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று ஒரு முறையீடு போனது. பாகுபாடு நடந்ததாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முடிவு சொன்னது 2017 ஜனவரியில். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆலையும் கட்டப்பட்டு, பல்லாண்டுகளாக இயங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு இடத்திலும் சட்டம் ஒன்றுதான். மருத்துவமனைகளில் மாதங்களில் முடிந்தது ஃபிளின்ட்டில் ஏன் கால் நூற்றாண்டு இழுத்தது? தடையின் வலிமை அதன் வாசகத்தில் இல்லை, நிதி கைமாறுவதற்கு முன்பே அரசு போய்ப் பார்க்கிறதா என்பதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். போய்ப் பார்ப்பவர் பார்ப்பது விளைவை. எந்த வார்டில் யார் படுத்திருக்கிறார், எந்த வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை. ஆகவே விளைவைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லும் ஒவ்வொரு தீர்ப்பும் ஆணையும் இச்சட்டத்தின் கண்ணைக் கட்டுகின்றன.

சட்டத்துக்கு முந்தைய நிலை ஃபிளின்ட்டைவிட மோசம். 1946இன் ஹில்-பர்ட்டன் சட்டம் நாடெங்கும் மருத்துவமனைகள் கட்டப் பணம் கொடுத்தது. கறுப்பினத்தவருக்குச் சமமான தனி வசதி இருந்தால் போதும், அவர்களை விலக்கிவைக்கலாம் என்றும் அதே சட்டத்தில் எழுதிக்கொடுத்தது. வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோவில் மோசஸ் கோன், வெஸ்லி லாங் என்ற இரு மருத்துவமனைகள் இந்தப் பணத்தில் வளர்ந்தன. ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் தம் நோயாளி ஒருவரை அங்கே சேர்க்க முடியாமல் போனதைத் தொடர்ந்து, 1962இல் மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், நோயாளிகள் எனப் பதினொரு பேர் வழக்குத் தொடுத்தனர். 1963 நவம்பரில் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. ஆறாம் தலைப்புக்கு மேலவையில் பொறுப்பேற்று வாதாடிய ஜான் பாஸ்டோர் இந்த வழக்கையே முன்னிறுத்தினார். எல்லா இனத்தவரும் கட்டும் வரிப்பணத்தில் ஓர் இனத்தவரை வெளியே நிறுத்தும் கட்டடம் எழலாமா என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பிடம் நேர்மையான பதில் இருக்கவில்லை.

இந்தக் கேள்வியை விடாமல் எழுப்பியவர் என்ற பெருமை ஹார்லெமின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவலுக்கு உரியது. 1950களில் கூட்டாட்சி நிதியுதவி மசோதாக்களில் இனப்பிரிப்பு நிறுவனங்களுக்குப் பணம் தரக்கூடாது என்ற திருத்தத்தை அவர் திரும்பத் திரும்ப முன்வைத்தார். நல்ல மசோதாக்களைக் கெடுக்கிறார் என்று அவருடைய தோழமைத் தரப்பே அவரைக் குறைசொன்னது. ஒவ்வொரு மசோதாவிலும் தனித்தனியாகப் போராட வேண்டியிருந்ததை ஆறாம் தலைப்பு ஒரே விதியாக்கியது.

எளிதில் பணத்தை வெட்டிவிடாதபடி அதில் தடைகளும் வைக்கப்பட்டன. முதலில் தானாக இணங்க வைக்க முயல வேண்டும். பிறகு விசாரணை நடத்தி, பாகுபாடு உண்டென்று பதிவில் முடிவு எழுத வேண்டும். நாடாளுமன்றக் குழுக்களுக்கு அறிக்கை அனுப்பி முப்பது நாள் காத்திருக்க வேண்டும். மீறல் நடந்த குறிப்பிட்ட திட்டத்தின் பணத்தை மட்டுமே நிறுத்தலாம். இவை தெற்கத்திய மாநிலங்களைக் காப்பதற்கான விட்டுக்கொடுப்புகள் என்று அப்போது தோன்றியிருக்கும். இவற்றின் மதிப்பு அறுபது ஆண்டுகள் கழித்து வேறு திசையிலிருந்து தெரியவந்தது.

1966இன் மருத்துவமனை நிகழ்வைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 1965 ஜூலை 30இல் சட்டமானது. பணம் வழங்கல் 1966 ஜூலை 1இல் தொடங்க இருந்தது. 1.9 கோடி முதியோரின் மருத்துவமனைச் செலவு அரசிடமிருந்து வரப்போகிறது. சுகாதாரம், கல்வி, நலத்துறை ஒரு முடிவெடுத்தது: ஆறாம் தலைப்புக்கு இணங்கியதாகச் சான்று பெறாத மருத்துவமனைக்கு ஒரு டாலரும் போகாது. அதற்கென அமைக்கப்பட்ட சிறிய அலுவலகம் பொதுச் சுகாதாரப் பணியிலிருந்தும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திலிருந்தும் ஆட்களைக் கடன் வாங்கி, குறுகிய பயிற்சி கொடுத்துத் தெற்கே அனுப்பியது.

அவர்கள் கேட்ட கேள்விகள் எளியவை. கறுப்பு நோயாளியும் வெள்ளை நோயாளியும் ஒரே அறையில் படுத்திருக்கிறார்களா? உணவறைகளும் காத்திருப்பு அறைகளும் எத்தனை? கறுப்பின மருத்துவர்கள் இங்கே நோயாளிகளைச் சேர்க்க முடியுமா? ஆய்வாளர் வரும் நாளில் நோயாளிகளை இடம்மாற்றிப் படுக்கவைத்து, அவர் போனதும் பழையபடி பிரித்த மருத்துவமனைகள் உண்டு. அதை வெளியே சொன்னவர்களில் அதே கட்டடத்தில் வேலைபார்த்த கறுப்பினப் பணியாளர்கள் முக்கியமானவர்கள். இந்த வரலாற்றை விரிவாக எழுதிய டேவிட் பார்ட்டன் ஸ்மித், உள்ளூர் உரிமை இயக்கத்தின் வலைப்பின்னல் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதை ஆதாரத்தோடு காட்டுகிறார். சட்டத்தை வாஷிங்டன் இயற்றியது. அது மெய்யாக நிறைவேறுகிறதா என்று பார்த்துச் சொன்னவர்கள், சொன்னது தெரிந்தால் வேலை போய்விடக்கூடிய எளிய மனிதர்கள். அவர்களுடைய துணிவுக்கு இன்னும் உரிய இடம் வரலாற்றில் தரப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

பலன் உயிர்க்கணக்கில் தெரிந்தது. பொருளியலாளர்கள் டக்ளஸ் ஆல்மண்ட், கென்னத் சே, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் மிசிசிப்பியின் பதிவுகளை ஆராய்ந்து, மருத்துவமனைகள் திறந்துவிடப்பட்டதை ஒட்டி, கறுப்பினக் கைக்குழந்தைகள் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும் இறப்பது வெகுவாகக் குறைந்ததைக் காட்டியுள்ளனர். இரண்டுமே உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தால் பிழைக்கவைக்கக் கூடிய நோய்கள். மருத்துவ அறிவு ஏற்கெனவே இருந்தது. அந்தக் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இது பணத்தின் அளவால் வந்த வெற்றி, சோதனையால் வந்ததல்ல என்று ஒருவர் மறுக்கலாம். பணமில்லாமல் நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் பள்ளிகளுக்கும் பெரும்பணம் வந்தது. 1965 ஏப்ரலின் தொடக்கநிலை, இடைநிலைக் கல்விச் சட்டம் ஆண்டுக்கு நூறு கோடி டாலர் அளவில் தர முன்வந்தது. ஆயினும் முதலில் கேட்டது ஒரு கையொப்பம் மட்டுமே: இணங்குகிறோம் என்று படிவம் 441இல் எழுதிக் கொடுத்தால் போதும், அல்லது ஒரு திட்டத்தைச் சமர்ப்பிக்கலாம். பல மாவட்டங்கள் “விருப்பத் தேர்வு” என்ற திட்டத்தைக் கொடுத்தன. வெள்ளையர் பள்ளியைக் கேட்கும் கறுப்பினக் குடும்பம் வேலையையும் குத்தகையையும் இழக்க நேரிடும் ஊர்களில் அந்த விருப்பத்துக்கு என்ன பொருள்? பள்ளிகளில் இனப்பிரிப்பு செல்லாது என்ற பிரவுன் தீர்ப்புக்குப் பத்தாண்டு கழித்தும் தென்மாநிலங்களில் வெள்ளைக் குழந்தைகளோடு படித்த கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு 1.2 பேர்தான். 1966 மார்ச்சில் வந்த திருத்திய வழிகாட்டு நெறிகள், எத்தனை குழந்தைகள் உண்மையில் இடம்மாறினார்கள் என்று கேட்டன. நீதிபதி ஜான் மைனர் விஸ்டம் அந்த ஆண்டு இறுதியில் ஜெஃபர்சன் மாவட்ட வழக்கில் அந்த நெறிகளுக்கு வலுசேர்த்தார். எண்ணிக்கை அதன் பிறகே வேகமாக ஏறியது. 1968வாக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எட்டியது. அதே சட்டம், அதே பணம். கையொப்பத்தைக் கேட்டபோது அசையாதது, விளைவைக் கேட்டபோது அசைந்தது.

1965 அக்டோபரில் சிகாகோவில் நடந்தது வேறு பாடம். கல்வி ஆணையர் பிரான்சிஸ் கெப்பல் அந்நகரப் பள்ளிகளுக்குரிய ஏறத்தாழ 3 கோடி டாலரை நிறுத்திவைத்தார். முறையான விசாரணை முடிவு கையில் இல்லை. மேயர் ரிச்சர்ட் டேலி அதிபரிடம் நேரில் பேசினார். சில நாட்களில் பணம் விடுவிக்கப்பட்டது. வடக்கின் பெருநகரங்களில் ஆறாம் தலைப்பின் கை தளர்ந்தது அந்த வாரத்தில்தான். நடைமுறையைத் தாண்டிய அவசரம், அரசியல் தலையீட்டுக்கே வழிவிட்டது.

இனி நீதிமன்றங்கள். அலபாமா மாநிலம் 1970களிலிருந்து 1991 வரை ஓட்டுநர் உரிமத் தேர்வைப் பல மொழிகளில் நடத்திவந்தது. ஆங்கிலம் ஆட்சிமொழியான பிறகு ஆங்கிலத்தில் மட்டும் என்றாக்கியது. மார்த்தா சாண்டோவல் தொடுத்த வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உள்நோக்கத்தோடு செய்த பாகுபாட்டுக்கு மட்டுமே தனியாள் வழக்காடலாம். விளைவால் எழும் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகளைக் காட்டித் தனியாள் நீதிமன்றம் போக முடியாது. அதன் பின் பாதிக்கப்பட்டவர்களுக்கு எஞ்சியது நிர்வாக முகமையிடம் முறையிடுவது. அந்த வழியின் நீளத்தை ஃபிளின்ட் காட்டுகிறது. 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை விளைவு அடிப்படையிலான பொறுப்பையே கூடியவரை ஒழிக்க முகமைகளைப் பணித்தது. எண்ணிக்கைச் சமத்துவத்தைத் திணிக்கும் கோட்பாடு இது என்பது அதன் வாதம்.

அந்த வாதம் விதிகளைச் சரியாகப் படித்ததாகத் தெரியவில்லை. எண்ணிக்கை வேறுபாடு விசாரணையின் தொடக்கம் மட்டுமே. நிதி பெறுபவர் தம் நடைமுறைக்குத் தக்க காரணம் காட்டலாம். பாதிப்புக் குறைந்த வேறு வழி இல்லை என்றால் அவர் தப்புகிறார். அலபாமாவில் வேறு வழி இருந்ததா என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. பல ஆண்டுகள் அது நடைமுறையிலேயே இருந்தது. எந்த மருத்துவமனை நிர்வாகியும் தம் வெறுப்பைக் கோப்பில் எழுதி வைப்பதில்லை. மனத்தை நிரூபி என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்பது, 1965இன் கையொப்பப் படிவத்துக்கே திரும்புவதாகும்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு நினைவு எழும். இந்திய அரசமைப்பின் 29(2) ஆம் உறுப்பும் அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களைப் பற்றிய தடைதான். ஆறாம் தலைப்புக்குப் பதினான்கு ஆண்டு மூத்தது. 1951இல் சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது அந்த உறுப்பைக் கொண்டே. இரண்டு மாதத்தில் முதல் அரசமைப்புத் திருத்தம் 15(4)ஐச் சேர்த்து இட ஒதுக்கீட்டுக்கு வழி மீட்டது. அமெரிக்காவிலும் விலக்கப்பட்டவருக்காக எழுதிய தடை, 1978இன் பேக்கி வழக்கிலும் 2023இன் ஹார்வர்ட் சேர்க்கை வழக்கிலும் அவர்களை உள்ளே சேர்க்கும் முயற்சிக்கு எதிராகத் திருப்பப்பட்டது. வரலாற்றைக் கழித்துவிட்டு வாசகத்தை மட்டும் படித்தால் இரு நாட்டிலும் இதுவே நேர்கிறது. சென்னைக்கு நாடாளுமன்ற வழியில் விரைந்து கிடைத்த திருத்தம் அமெரிக்காவுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

2025இல் ஹார்வர்டின் இருநூறு கோடி டாலருக்கும் மேலான ஆராய்ச்சி நிதியை அரசு முடக்கியபோது காட்டிய காரணங்களில் ஆறாம் தலைப்பும் ஒன்று. யூத மாணவர்கள் துன்புறுத்தப்படுவதாகச் சொல்லப்பட்டது. அந்தக் குற்றச்சாட்டு கவனத்தோடு விசாரிக்கப்பட வேண்டியது. அப்படி விசாரிக்கத்தான் சட்டத்தில் விசாரணையும் பதிவான முடிவும் அறிக்கையும் உண்டு. அவற்றைத் தாண்டியே நிதி நிறுத்தப்பட்டது என்று செப்டம்பரில் மாவட்ட நீதிபதி ஆலிசன் பரோஸ் தீர்ப்பளித்தார். பேச்சுரிமை மீறலையும் கண்டார். சிகாகோவில் நடைமுறையைத் தாண்டியதால் சட்டம் தோற்றது. இம்முறை அதே நடைமுறை, சட்டத்தையே ஆயுதமாக்கிய அரசைத் தடுத்து நிறுத்தியது.

செய்ய வேண்டியதற்கு முன்மாதிரிகள் அமெரிக்கச் சட்டத்திலேயே உள்ளன. 1980இன் மொபைல் தீர்ப்பு வாக்குரிமை வழக்குகளில் உள்நோக்கத்தைக் கேட்டபோது, நாடாளுமன்றம் 1982இல் வாக்குரிமைச் சட்டத்தைத் திருத்தி விளைவை அளவுகோலாக்கியது. 1984இன் குரோவ் சிட்டி தீர்ப்பு இதுபோன்ற நிதித் தடையின் வீச்சைச் சுருக்கியபோது, 1988இல் அதிபர் ரீகனின் மறுப்பாணையையும் மீறி அதை விரித்தது. ஆறாம் தலைப்பின் முதல் பிரிவிலேயே விளைவு அளவுகோலையும் தனியாள் வழக்குரிமையையும் எழுதிச் சேர்ப்பது அதே வகையான பணி. அதோடு, பெரிய நிதி புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு திட்டத்திலும் முதல் தவணைக்கு முன் நேரில் சோதனை கட்டாயமாக வேண்டும். 1966இலும் ஓர் இடைவெளி விடப்பட்டது: மெடிகேரின் இரண்டாம் பகுதியில் மருத்துவர்களுக்குத் தனியாகப் போகும் பணம் நிதியுதவி ஆகாது என்று துறை விளக்கம் சொன்னதால், பல தனியார் மருத்துவர்களின் அறைகள் சோதனைக்கு வெளியே நின்றன. அந்த விளக்கத்தைத் துறை மாற்றிக்கொண்டது 2024இல், ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. அதுவும் துறை விதி மட்டுமே. அடுத்து வரும் நிர்வாகம் அழிக்கக்கூடிய விதியாக அன்றி, நாடாளுமன்றச் சட்டமாக அது எழுதப்பட வேண்டும்.