கூடைப்பந்தாட்டமும் பயிற்றாசிரியர் மரபும்

ஆசான் ஒருவனின் பெருமையை எதனால் அளப்பது? அவன் ஈட்டிய வெற்றிகளின் தொகையாலா, விட்டுச்சென்ற மாணாக்கர் வரிசையாலா? கூடைப்பந்தாட்டப் பயிற்றாசிரியர்தம் வரலாறு இவ்வினாவுக்கு ஓரளவு விடை பகர்கின்றது.

இவ்வாட்டம் 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலிருந்த கிறித்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரியிலே தோன்றியது. பனிக்காலத்தில் வெளியே ஆடவியலாது சலிப்புற்றிருந்த மாணவர்க்கென, ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகள் இரண்டை மண்டபத்தின் மேன்மாடத்தில் அறைந்து, 13 விதிகளை வகுத்தார். முதலாட்டத்தில் பக்கத்துக்கு ஒன்பதின்மர் ஆடினர்.

1898இல் நெய்ஸ்மித் கான்சஸ் பல்கலைக்கழகம் சென்றார். 1907 வரை அங்கு அவர் நடத்திய அணி வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழகப் பயிற்றாசிரியருள் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர், ஆட்டத்தைப் படைத்த அவர் ஒருவரே! உடலையும் ஒழுக்கத்தையும் வளர்க்கும் கருவியாகவே அவர் ஆட்டத்தைக் கருதினார். பயிற்றுதலைத் தனித்தொழிலாக எண்ணினாரல்லர்.

அதனைத் தொழிலாக்கியவர் அவர் மாணாக்கராகிய பொக் அலன். கான்சஸில் 39 பருவங்கள் பயிற்றி, 1952இல் தேசிய வெற்றியும் கண்டார். அவரிடம் பயின்ற அடோல்ப் ரப் கென்டக்கியில் 876 வெற்றிகளையும், டீன் ஸ்மித் வட கரோலினாவில் 879 வெற்றிகளையும் ஈட்டினர். தோல்வி மிகுந்த ஆசானின் வழியிலேதான் இவ்வெற்றிகள் யாவும் விளைந்தன.

அம்மரபின் மற்றொரு கிளை நம் அண்டையிலும் தழைத்தது. ஸ்பிறிங்பீல்டிற் பயின்ற ஹரி குறோ பக் என்பார், 1920இல் சென்னையில் உடற்கல்விப் பயிற்சி நிலையமொன்றை நிறுவினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவுக்குச் சென்ற இந்திய அணியின் முகாமையாளராகவும் விளங்கினார். ஆயினும் அவர் புகழ் நிலைப்பது பதக்கங்களாலன்று. 1943இல் மறையும்வரை அவர் உருவாக்கிய ஆசிரியர்களாலேயாம்.

வெற்றி வேண்டாவென்பது நம் கருத்தன்று. அலனின் வெற்றிகளே பயிற்றுவோர்க்கு மதிப்பும் ஊதியமும் தேடித்தந்தன. ஆனால், கிண்ணம் வந்தால் ஆசிரியரைப் போற்றுவதும், வாராவிடின் மறப்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. கூடைப்பந்தின் வழித்தோன்றலாகிய வலைப்பந்தில், யாழ்ப்பாணத்து மகள் தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசிய வாகை சூடிய இலங்கை அணியில் ஒளிர்ந்தபோது நாம் மகிழ்ந்தோம். அத்தகைய ஒருவர் தோன்றுதற்கு முன், ஒரு பிள்ளையின் கையிற் பந்தை முதன்முதற் கொடுத்தவர் ஒருவர் இருந்திருத்தல் வேண்டுமன்றோ!

கிளித்தட்டு மறித்த மண் நம் மண். அரியாலையின் திடல்களில் மாலைதோறும் சிறுவரைத் திரட்டி, எறியவும் ஏந்தவும் கற்பிப்போர்க்கு வெற்றிக் கணக்கு எதுவுமில்லை. நெய்ஸ்மித்தின் கணக்கும் சிறப்புடையதன்று. அதனை நினைவிற் கொண்டு, அவர்களை இன்றே போற்றுதல் நம் கடனாகும்.